கோபத்தோடு பாடியவர்

அஸ்தம்பட்டியில் ஒரு ஸ்கேன் சென்டரின் பேஸ்மென்ட்டில்தான் அவரைப் பார்த்தேன். போர்வெல் போடும் திருச்செங்கோட்டு ரிக் வண்டி ஒன்றின் டிரைவர். சட்டையெல்லாம் கிரீஸ் கறை. நிமிஷத்துக்கு ஒருமுறை செல்போனை அந்தச் சட்டையிலேயே துடைத்துக்கொண்டிருந்தார். உள்ளே அவருடைய சின்ன மகள், மூளைப் பரிசோதனைக்காகத் தலையில் ஒயர் ஒட்ட விடாமல் அலறிக்கொண்டிருந்தாள். ஒரே ஒரு பாட்டைக் கேட்டால்தான் அவள் அசையாமல் படுப்பாளாம்.

“நேத்தே டவுன்லோட் பண்ணி வெச்சனுங்க. இப்ப நெட்டு வேணுங்குது!” என்று கத்தினார். அங்கே சிக்னலே இல்லை.

போனை வாங்கிப் பார்த்தேன். பாட்டின் பெயர் மங்கலாகத் தெரிந்தது, தொட்டால் பாடவில்லை.

“ஆப் அப்டேட் ஆயிருக்குங்க. மறுபடி இறக்கணும்,” என்றேன்.

“எம்பட போன்ல இருக்கற பாட்டக் கேக்கறதுக்கு நான் எவன்கிட்டங்க அனுமதி கேக்கோணும்?”

“அடுத்தவங்களைக் கூப்பிடட்டுமா?” என்றார் நர்ஸ்.

டிரைவர் போனை என் கையிலேயே விட்டுவிட்டு உள்ளே போனார். கோபம் கொஞ்சமும் அடங்காத குரலில் அந்தப் பாட்டைப் பாடினார். அழுகை நின்றது.

“தப்பு, தப்பு!” என்றாள் மகள்.

“செரி சாமி,” என்று முதலிலிருந்து தொடங்கினார், அதே கோபத்தோடு.

அவ்வளவு ஆத்திரமான ஒரு குரலைக் கேட்டு ஒரு குழந்தை அமைதியானதை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.