கண்ணின் வெள்ளை

செம்பாக்கம் ஏரியைப் பார்த்த மாடி அறை கிடைத்தால் யாரும் ஜன்னலைத் திறந்து வைக்கத்தான் நினைப்பார்கள். ஷபீனா அதைக் கறுப்புத் துணியால் மூடி, சுவர்களுக்குச் சாம்பல் வண்ணம் அடித்தாள். கல்யாண வீடியோக்களுக்கு நிறம் திருத்துவது அவள் தொழில். வெளி வெளிச்சமோ பச்சைச் சுவரோ கண்ணில் பட்டால் திரையில் தெரியும் நிறத்தை நம்ப முடியாது. உச்சி வெயிலிலும் அந்த அறை விடியாத பொழுது போலவே இருக்கும். அவள் கணவன் அக்தர் டீ கொண்டுவந்தால் வாசற்படியிலேயே நின்று நீட்டிவிட்டுப் போவான். உள்ளே வந்தால் நெஞ்சை அடைக்கிறது என்பான்.

போன மாசியில் ஊரப்பாக்கத்துக் கல்யாணம் ஒன்று வந்தது. படம் எடுத்த வெற்றிவேல் போனில் ஒரே ஒரு விஷயம் சொன்னார். பெண்ணின் அம்மா சாவித்ரியின் முகம் மட்டும் ஒரு மாதிரி இருக்கிறது, மற்றவர்களைப் போல ஆக்கிவிட வேண்டும்.

ஷபீனா அந்த முகத்தைத் தனியாகப் பிரித்து மஞ்சளைக் குறைத்தாள். கன்னத்தில் கொஞ்சம் சிவப்பு ஏற்றினாள், கண்களை வெளுத்தாள். முகம் சரியாகிவிட்டது. அப்போதுதான் அவளுக்கு மயிர்க்கூச்செறிந்தது. யாரோ ஒருத்தி சாவித்ரியின் முகத்தை எடுத்து மாட்டிக்கொண்டு அந்தக் கல்யாணப் பந்தலில் நிற்பது போல இருந்தது. அவசரமாக எல்லாவற்றையும் பழையபடி மாற்றினாள்.

குற்றம் திரையுடையதாக இருக்கும் என்று நினைத்து, நிறம் அளக்கும் கருவியைத் திரைமேல் தொங்கவிட்டுப் பார்த்தாள். திரை சரியாக இருந்தது. நிறத்தைப் புள்ளிகளாகக் காட்டும் வரைபடத்தைத் திறந்தாள். கறுப்போ சிவப்போ, மனிதத் தோல் அதில் ஒரே கோட்டை ஒட்டித்தான் விழும். பெண், மாப்பிள்ளை, ஐயர், எல்லோரும் கோட்டில் இருந்தார்கள். சாவித்ரி மட்டும் தள்ளி நின்றாள்.

"நலங்குக்கு மஞ்சள் பூசினாங்கல்ல, அதான்" என்றார் வெற்றிவேல்.

"கண்ணுக்குள்ள யாருண்ணா மஞ்சள் பூசுவாங்க?"

சாவித்ரியின் தலையில் இருந்த மல்லிகை வெள்ளையாக இருந்தது. அதே வெளிச்சத்தில், அதற்கு ஒரு சாண் கீழே, கண்ணின் வெள்ளை பழுத்த எலுமிச்சையாக இருந்தது. ஷபீனா பழைய பதிவுகளை வாங்கிப் பார்த்தாள். நிச்சயதார்த்தத்தில் அந்தக் கண் தெளிவாக இருந்தது. புடவை எடுக்கப் போன அன்று ஓரத்தில் லேசாக ஒரு சாயம். நலங்கில் இன்னும் கொஞ்சம். சுற்றிலும் எல்லோரும் சிரித்துக்கொண்டிருக்க, அந்த நிறம் மட்டும் படத்துக்குப் படம் அவளுக்குள் ஏறிக்கொண்டே வந்தது. வீட்டில் யாருக்கும் தெரியவில்லை. தினம் பார்க்கிற முகம். சாவித்ரியும் எதிரே வருபவர்களை எல்லாம் பார்த்துச் சிரித்துக்கொண்டுதான் இருந்தாள்.

நிச்சயதார்த்தத்தில் ஒன்று, கல்யாணத்தில் ஒன்று என்று சாவித்ரியின் இரண்டு படங்களை மணப்பெண் ஜெயஸ்ரீக்கு ஷபீனா அனுப்பினாள். இரண்டும் ஒரே மாதிரிதான் இருக்கிறது என்று பதில் வந்தது. அந்தப் பெண் தன் போனில் கண் கூசாமலிருக்க மஞ்சள் வெளிச்சத்தைப் போட்டு வைத்திருந்தாள்; அதில் எல்லா முகமும் மஞ்சள்தான். ஷபீனா ஒருமுறை நேரில் வந்து பார்க்கச் சொன்னாள்.

மறுநாள் ஜெயஸ்ரீ சாம்பல் சுவருக்கு நடுவே வந்து உட்கார்ந்தாள். கண் இருட்டுக்குப் பழகட்டும் என்று ஷபீனா கொஞ்ச நேரம் எதையும் போடவில்லை. பிறகு இரண்டு படங்களையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்தாள்.

ஜெயஸ்ரீ திரையை நோக்கிக் குனிந்தாள். கை நீட்டித் திரையில் அம்மாவின் கண்ணைத் தொட்டாள்.

"அக்கா, இது நெஜமாவே இந்தக் கலர்தானா?"

"திரை தப்பா காட்டல. என்ன வியாதின்னு எனக்குத் தெரியாது. நாளைக்கே டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போயிடும்மா."

பித்தக் குழாயில் கட்டி. குரோம்பேட்டையில் ஒரு மருத்துவமனையில் அறுத்து எடுத்தார்கள். சாவித்ரி பாதி உடம்பாக இளைத்து வீடு திரும்பினாள். அம்மாவின் முகத்தில் கை வைக்க வேண்டாம், இருந்தபடியே இருக்கட்டும் என்று ஜெயஸ்ரீ சொல்லிவிட, வீடியோ அப்படியே போயிற்று.

அதோடு முடியவில்லை. ஊரப்பாக்கத்திலிருந்து ஆட்கள் வரத் தொடங்கினார்கள். சாம்பல் சுவருக்கு முன்னால் நின்றுகொண்டு, தங்கள் முகத்தைப் பார்த்துச் சொல்லச் சொன்னார்கள். நான் டாக்டர் இல்லை என்று ஷபீனா ஒவ்வொருவரையும் திருப்பி அனுப்பினாள். ஆனால் படியிறங்கும் முன் அவர்கள் கண்களை அவள் பார்க்காமல் இருந்ததில்லை. தாம்பரத்தில் ரயில் ஏறினாலும் எதிர் இருக்கையைத்தான் கண் தேடியது. கல்யாண வேலைகளைக் குறைத்துக்கொண்டு அடுக்குமாடி விளம்பரம், சமையல் பாத்திர விளம்பரம் என்று மனிதர்கள் அதிகம் வராத படங்களாகக் கேட்டு வாங்கினாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, கோவளத்தில் எடுத்த வீடியோவைப் பெரிய திரையில் போடச் சொல்லி அக்தர் முதன்முறையாக உள்ளே வந்து உட்கார்ந்தான். அலை வந்தது, படகு வந்தது. அவன் முகம் வரப்போகும் இடத்தில் ஷபீனாவின் விரல் தானாக நின்றது.

"என்னாச்சு? ஓட்டு."

ஓட்டினாள். வெயிலில் கறுத்த முகம், கண் தெளிவாகத்தான் இருந்தது. அவன் சிரித்துக்கொண்டு எழுந்து போன பிறகு கதவைச் சாத்திவிட்டு, அந்த இடத்தை மறுபடி முதலிலிருந்து போட்டாள்.