மஞ்சள் கச்சையைத் திருப்பிக் கொடுக்கப் போன சனிக்கிழமை

காலை 6.40, பாரிட் புந்தார் ரயில் நிலையம். என் கையில் இருந்த ஐந்தடி ரோத்தான் பிரம்புக் கம்பைப் பார்த்த காவலர், "மச்சிக், மீன் பிடிக்கவா?" என்று மலாயில் கேட்டார். மச்சிக் என்றால் அத்தை மாதிரி. இல்லை, இது சிலம்பம், உங்கள் சிலாட் மாதிரி எங்கள் தற்காப்புக் கலை என்றேன். யார் விளையாடுவது என்றார். நான்தான் என்றேன். என்னைத் தலையிலிருந்து கால்வரை ஒருமுறை பார்த்துவிட்டு, பெட்டியின் கோடியில் நிமிர்த்திப் பிடித்துக்கொள்ளுங்கள், யார் கண்ணிலும் குத்திவிடாதீர்கள் என்று சொல்லி விட்டுவிட்டார். குத்தும் என்று நம்பினாரே, அதுவே எனக்குப் போதும்.

எனக்கு வயது ஐம்பத்திரண்டு. பள்ளிச் சிற்றுண்டிச்சாலையில் சமைக்கிறேன். பதினோரு மாதமாக ஒவ்வொரு சனிக்கிழமையும் நூறு கிலோமீட்டருக்கு மேல் பயணம் செய்து கோப்பெங்கிற்குப் போய்ச் சிலம்பம் கற்றுக்கொள்கிறேன். எங்கள் ஊரிலும் வகுப்பு இருக்கிறது. அங்கே கேட்டபோது, "பேரப்பிள்ளைய அனுப்புங்கக்கா" என்றார்கள். எனக்கு இன்னும் பேரப்பிள்ளையே இல்லை. கோப்பெங்கில்தான் ஒருத்தி, வயதைக்கூடக் கேட்காமல், "கம்பு வாங்கிட்டீங்களா?" என்று கேட்டாள்.

வழக்கமான வகுப்புக்கு இன்று நான் போகவில்லை. பையில் ஒரு மஞ்சள் துணிக் கச்சையை மடித்து வைத்திருக்கிறேன். முதல் நிலைத் தேர்வில் வென்றவர்கள் இடுப்பில் கட்டிக்கொள்வது. மூன்று மாதத்துக்கு முன் எனக்கும் கொடுத்தார்கள். அதைத் திருப்பிக் கொடுக்கப் போகிறேன்.

ஏன் என்று கேட்பீர்கள். தேர்வு இப்படி: பன்னிரண்டடிச் சுண்ணாம்பு வட்டம். உள்ளே தேர்வாளரும் மாணவரும். அவர் கம்பின் நுனியில் ஈர மஞ்சள், நம் கம்பில் ஈரக் கரி. நுனி பட்ட இடத்தில் கறை விழும், அதற்குப் பொட்டு என்று பெயர். நம் மேல் ஐந்து பொட்டு விழுவதற்குள் அவர் மேல் நாம் இரண்டு வைக்க வேண்டும். வட்டத்தை விட்டு வெளியே போனாலும் தோல்வி. போன தேர்வில், என் முறை வந்ததும் தேர்வாளர் கையை அகல விரித்துக்கொண்டு சிரித்தபடி குனிந்தார். தோளை என் கம்புக்கு நேராகக் காட்டினார். நான் இரண்டு பொட்டு வைத்தேன். என் மேல் ஒன்றுகூட இல்லை. பத்து வயதுப் பிள்ளைகளையெல்லாம் அடித்து நொறுக்கியவர் என்னைத் தொடவே இல்லை. சனம் எனக்கு மட்டும் எழுந்து நின்று கைதட்டியது. மகன் நான் கச்சையோடு நின்ற படத்தைக் குடும்பத்துக்கெல்லாம் அனுப்பி, "எங்கம்மா சூப்பர்" என்று போட்டான். வென்றதாக எனக்குத் தோன்றவே இல்லை.

இன்று காலை என் வீட்டுக்காரர் சேகர், கட்டிலில் உட்கார்ந்தபடியே, "குடுத்தத யாராச்சும் திருப்பிக் குடுப்பாங்களா? மூள கீள இருக்கா ஒனக்கு?" என்றார். நெல் ஆலையில் முப்பது வருடம் லாரி ஓட்டியவர். கிடைத்த சரக்கை இறக்காமல் திருப்பி அனுப்புவது அவருக்குப் பொறுக்காது.

காலை 7.00. பாகான் செராய் தாண்டியதும் ரயில் புக்கிட் மேரா ஏரியின் மேல் ஓடுகிறது. இரண்டு பக்கமும் தண்ணீர், சின்னப் படகில் ஒருவர் வலை இழுத்துக்கொண்டிருந்தார். தைப்பிங்கிற்குப் பிறகு நீளமான குகைப்பாதை. பயணச்சீட்டு இருபத்து நாலு ரிங்கிட் வெள்ளி, ஏசிக் குளிர் மட்டும் தாராளம். அடுத்த தடவை போகிறவர்கள் கம்பளிச் சட்டை எடுத்துக்கொள்ளுங்கள்.

சுங்கை சிப்புட் நிலையத்தை ரயில் தாண்டும்போது நான் ஜன்னலைப் பார்க்கவில்லை. பதினாறு வயதிலிருந்து பத்து வருடம் நான் ரப்பர் பால்மரம் சீவிய தோட்டம் அந்தப் பக்கம்தான் இருந்தது. இப்போது மாடி வீடுகள். எஸ்டேட்டை நினைத்து ஏங்குகிற ஆள் நான் இல்லை. விடியுமுன் ஐந்தரை மணிக்கு ஆளை வரிசையில் நிறுத்தும் பெரட்டும், பெயர் கூப்பிடும்போது பிந்தினால் கங்காணியின் வாயும், கொசுக்கடியும் யாருக்கு வேண்டும்? அங்கிருந்து எனக்கு மிஞ்சியது ஒரு கெட்ட பழக்கம் மட்டும்தான்.

மரம் சீவுகிறவர்கள் உளியைத் தள்ளமாட்டார்கள், தன் பக்கம் இழுப்பார்கள். இழுக்க இழுக்கக் கால் பின்னால் போகும், அதுவும் நேராகப் போகாது, மரத்தைச் சுற்றி வலப்பக்கமாக வளைந்து போகும். ஒரு நாளைக்கு ஐந்நூறு மரம். அப்படிப் பத்து வருடம் நடந்த கால் இது. சிலம்பத்தில் காலடிக்குச் சுவடு என்பார்கள். அடி வந்தால் முன்சுவடு வைத்து உள்ளே புக வேண்டும். என் கால் புகாது. கையில் கம்பு வந்ததும் பின்னால் போய் வலப்பக்கம் வளையும். வாழ்க்கை முழுக்கப் பின்வாங்கிய பெண் என்று யாராவது இதற்குத் தத்துவம் பேசினால் அதே கம்பால் அடிப்பேன். இது வெறும் கால் பழக்கம், அவ்வளவுதான்.

காலை 7.55, ஈப்போ. நிலையத்திலிருந்து மேடான் கிட் பேருந்து நிலையத்துக்குப் பத்து நிமிட நடை. வழியில் ஒரு கடையில் ரொட்டி சானாய்ப் பரோட்டாவும் தே தாரேக் தேநீரும். கோப்பெங் பேருந்துக்கு மூன்று வெள்ளி அறுபது காசு. சிம்பாங் பூலாய் வந்ததும் சுண்ணாம்புக் குன்றுகளை உடைத்துக் கல் ஏற்றிய லாரிகள் வரிசை. சாலையோரச் செடியெல்லாம் மாவு பூசிக்கொண்டு நிற்கிறது.

காலை 9.15, கோப்பெங். இங்கிருந்து எட்டு கிலோமீட்டருக்குப் பேருந்து கிடையாது. வாடகைக் கார் பன்னிரண்டு வெள்ளி. ஓட்டியவர் முப்பது வயது மதிக்கத்தக்க நம் ஆள்.

"அக்கா, மகன் சிலம்பம் கத்துக்கிறாரா? கம்பு மறந்துட்டுப் போய்ட்டாரா?"

"கம்பு என்னோடது தம்பி."

"ஓ. நல்லதுலா அக்கா. ஒடம்புக்கு நல்லது. சும்மா எக்சசைஸ் மாதிரி."

"ஒடம்புக்கு இல்ல. அடிக்கிறதுக்கு."

கண்ணாடியில் என்னை ஒருமுறை பார்த்தார். அதற்கப்புறம் எண்ணெய் எடுக்கும் செம்பனைக் காட்டுக்குள் வண்டியை வேகமாக விட்டார். நான் இறங்கும்போது, "பாத்து அக்கா" என்றார்.

காலை 10.00. இது ஒரு காலத்தில் ரப்பர் எஸ்டேட். மரங்களை வெட்டிச் செம்பனை போட்டு, தொழிலாளர்களின் லயன் வீடுகளையும் இடித்தாயிற்று. பெரட்டுக் களமும் அதன் தகரக் கூரையும் மட்டும் நிற்கின்றன. காலையில் ஆளை நிறுத்திப் பெயர் கூப்பிட்ட அதே சிமெண்டுத் தரையில்தான் வகுப்பு. எங்கள் ஆசிரியை ரூபிணிக்கு வயது இருபத்தேழு, ஈப்போவில் ஒரு மருந்தகத்தில் வேலை. அவள் என்னை அக்கா என்பாள், நான் அவளை மாஸ்டர் என்பேன். பதினோரு மாதமாக என் பின்சுவட்டைத் திருத்தித் தொண்டை வறண்டுபோனவள்.

தேர்வாளர் மணிவேல் ஏற்கெனவே வந்திருந்தார். அறுபதை நெருங்கியவர், நல்ல மனிதர், சிரித்த முகம். அன்று தோளைக் காட்டியவர் அவர்தான். தேர்வுக்கு ஒன்பது பிள்ளைகள் வரிசையில் நின்றார்கள். எங்கள் வகுப்பில் தேர்வாளரிடம் ஏதாவது கேட்க வேண்டுமானால் முதலில் கம்பை அவர் காலடியில் கிடத்த வேண்டும். நான் கம்பைக் கிடத்தி, அதன் மேல் மஞ்சள் கச்சையை வைத்தேன்.

"என்னாம்மா இது?"

"போன தடவ குடுத்தது மாஸ்டர். எனக்கு மறுபடி தேர்வு வைங்க."

"நீங்கதான் பாஸ் பண்ணிட்டீங்களே."

"நீங்க என்ன ஒரு அடிகூட அடிக்கல."

பிள்ளைகளின் பெற்றோர் எங்கள் பக்கம் திரும்பினார்கள். மணிவேல் குரலைத் தாழ்த்தினார். "இந்த வயசுல வந்து கத்துக்கிறீங்களே, அதுவே பெருசும்மா. ஒரு மரியாதைக்குத்தான் குடுத்தோம்."

"மரியாதைக்குன்னா பொன்னாடை போத்துங்க மாஸ்டர், வாங்கிக்கிறேன். கச்சை வேணாம்."

"எலும்பு கிலும்பு ஒடைஞ்சா யாரு பதில் சொல்றது?"

நான் வாயெடுப்பதற்குள் ரூபிணி முன்னால் வந்தாள். "பதினோரு மாசமா வாரா வாரம் நான் அவங்கள அடிக்கிறேன் மாஸ்டர். ஒண்ணும் ஆவல."

மணிவேல் குனிந்து கச்சையை எடுத்தார். நிதானமாக மடித்துத் தன் பையில் வைத்தார். "தோத்தா இது கெடைக்காதும்மா. கடைசி வரிசைக்குப் போவணும். சின்னப் பிள்ளைங்களோட."

"தெரியும் மாஸ்டர்."

கச்சை போய்விடுமே என்று எனக்குப் பயமில்லை. இந்த மனிதர் மறுபடி சிரித்துக்கொண்டு தோளைக் காட்டிவிடுவாரோ என்றுதான் பயம். காட்டினால் கம்பை அங்கேயே போட்டுவிட்டுப் போய்விடுவது என்று முடிவு செய்துகொண்டேன்.

காலை 11.20. ஒன்பது பிள்ளைகளுக்கும் பிறகு என் பெயர். வணக்கம் போட்டு வட்டத்துக்குள் நின்றோம். முதல் பொட்டு என் இடது தோளில் விழுந்தது, நெற்றியில் திருநீறு வைப்பதுபோல மெதுவாக. எனக்குக் கோபம் தலைக்கேறியது.

"தொட்டுப் பாக்காதீங்க மாஸ்டர். அடிங்க."

அவர் முகத்தில் சிரிப்பு போயிற்று. அடுத்தது மணிக்கட்டில் சுள்ளென்று இறங்கியது. கம்பு கையிலிருந்து நழுவப் பார்த்தது. அப்பாடா என்றிருந்தது எனக்கு. பைத்தியக்காரி என்று நினைப்பீர்கள், நினைத்துக்கொள்ளுங்கள். மூன்றாவது விலாவில். மூச்சடைத்துப் பின்னால் போனேன். கால் சுண்ணாம்புக் கோட்டை மிதிக்க ஒரு சாண்தான் இருந்தது. "முன்சுவடு, முன்சுவடு" என்று ரூபிணி கத்துவது கேட்டது. என் காலுக்குக் கேட்கவில்லை. அது தன்பாட்டுக்கு மரத்தைச் சுற்றுகிற மாதிரி வலப்பக்கம் வளைந்து போயிற்று. நான் வெளியே விழுவேன் என்று எதிர்பார்த்து நேராகப் பாய்ந்தவர் கோட்டோரம் தடுமாறி நின்றார். அவர் கால் எனக்குப் பக்கத்தில் இருந்தது. அடிமரத்தில் கீழ்வெட்டு சீவுகிறபோது குனிவதுபோல் குனிந்து, கம்பை என் பக்கம் ஒரே இழுப்பு இழுத்தேன்.

அவர் முட்டிக்குக் கீழே, வெள்ளைக் கால்சட்டையில், கரிப் பொட்டு. அவர் "ஸ்" என்று காலைத் தூக்கிக்கொண்டார். ரூபிணி தலையில் கை வைத்துக்கொண்டாள். இவ்வளவு நாள் அவள் திருத்திய தப்பு அல்லவா.

அந்தச் சந்தோஷத்தில் கொஞ்சம் அசந்துவிட்டேன். இடது தொடையில் ஒன்று, இடது தோளில் மறுபடி ஒன்று. ஐந்து. முடிந்தது.

யாரும் கைதட்டவில்லை. தோற்ற பிள்ளைகளுக்கு யாரும் தட்டவில்லையே, எனக்கு மட்டும் எதற்கு? மணிவேல் என் தேர்வு அட்டையில் "தேர்ச்சி பெறவில்லை" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். பிறகு நிமிர்ந்து, கொஞ்சம் எரிச்சலோடு, "வலப்பக்கமே போறீங்க. எடது பக்கம் அப்பிடியே தொறந்து கெடக்கு. ஒங்களுக்கு யாரும் சொல்லலியா?" என்றார். இத்தனை மாதத்தில் அவர் என்னிடம் சொன்ன முதல் குறை அது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. வலி என்று நினைத்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டேன். ஒரு மணிவரை கடைசி வரிசையில், என் இடுப்பளவு உயரப் பிள்ளைகளுக்குப் பின்னால் நின்று இடது பக்கத் தடுப்பு பழகினேன்.

மாலை 4.25, ஈப்போவிலிருந்து திரும்பும் ரயில். மணிக்கட்டு வீங்கிவிட்டது. வெள்ளைச் சட்டையில் மஞ்சள் கறைகளோடு உட்கார்ந்து வந்தேன். பாரிட் புந்தாரில் ஐம்பது தாண்டியதிலிருந்து எனக்கு எல்லாம் தானாகக் கிடைக்கிறது. பேருந்தில் இடம், கோயிலில் நாற்காலி, கனமான சட்டியைத் தூக்கப் போனால் "வுடுங்கக்கா" என்று ஓடிவருகிறவர்கள். அன்புதான், இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் அந்த அன்பில் என்னை ஏற்கெனவே ஓரமாக உட்கார வைத்துவிட்டார்கள். எட்டு கிலோமீட்டர் செம்பனைக் காட்டுக்குள் ஒரே ஒரு வட்டம்தான் எனக்கு வழிவிடவில்லை. அடுத்த சனிக்கிழமையும் போவேன்.

மாலை 5.40. நிலைய வாசலில் மோட்டாரோடு சேகர் நின்றிருந்தார். சட்டையைப் பார்த்தார்.

"என்னா இது?"

"தோத்துட்டேன்."

"கச்சை?"

"அவருகிட்ட."

"நான் அப்பவே சொன்னேன்" என்று தலைக்கவசத்தை நீட்டினார். வாங்கி மாட்டிக்கொண்டு ஏறி உட்கார்ந்தேன். கடைத்தெரு முனையில் சிவப்பு விளக்கு. திரும்பாமலே கேட்டார்.

"அவருக்கு நீ எத்தன வெச்ச?"

"ஒண்ணு. முட்டிக்குக் கீழ."

"வுட்டுக் குடுத்தாரா?"

"இல்ல. நொண்டிக்கிட்டே போனாரு."

அவர் முழுதாகத் திரும்பி என்னைப் பார்த்தார். "நெசமாவா? எப்பிடி வெச்ச, சொல்லு." நான் பின்சுவடு வளைந்ததையும் குனிந்ததையும் இழுத்ததையும் ஒரு கையால் காட்டிக்கொண்டிருந்தேன். விளக்கு பச்சையாகிவிட்டது. பின்னால் லாரிக்காரன் விடாமல் ஹாரன் அடித்தான்.

"இருய்யா," என்று கத்தினார் சேகர். "எங்க வூட்டுல பேசிக்கிட்டிருக்காங்க."