நுகர்வோர் அல்லாதவர்களுக்கு ஒரு பாலம்

ஊரில் கரண்ட் போனால் மழையைத் திட்டுவார்கள், மரத்தைத் திட்டுவார்கள், கடைசியில் எல்லாரும் சேர்ந்து லைன்மேனைத் திட்டுவார்கள். அவர் அதையெல்லாம் காதில் போட்டுக்கொள்ள மாட்டார். அவரைத் தூங்கவிடாமல் செய்தவை குரங்குகள்தான்.

ஊருக்கு வெளியே மழைக்காட்டை இரண்டாகப் பிளந்துகொண்டு ஒரு தார்ச்சாலை போனது. சாலை வருமுன் கிளைகள் ஒன்றோடொன்று கைகோத்திருந்தன. நீளவால் குரங்குகள் தரையை மிதிக்காமலே காடு முழுக்கச் சுற்றிவந்தன. இப்போது இந்தப் பக்கக் கிளைக்கும் அந்தப் பக்கக் கிளைக்கும் நடுவே வெறும் வானம். அதனால் அவை சாலைக்குக் குறுக்கே போன மின்கம்பியைப் பிடித்துத் தாண்டின. ஒரு கம்பியோடு போனால் பிழைத்தன. கையோ வாலோ அடுத்த கம்பியில் பட்டால் குரங்கும் போகும், ஊர் முழுக்கக் கரண்டும் போகும்.

செத்த குரங்கை இறக்குவது லைன்மேனின் வேலை. ஒருநாள் அப்படி இறக்கிய தாயின் வயிற்றில் ஒரு குட்டி உயிரோடு ஒட்டிக்கொண்டிருந்தது. பிரித்து எடுத்ததும் அவர் சட்டையைப் பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்றது. வனத்துறை வண்டி வரும்வரை அதை நெஞ்சில் சுமந்தபடியே இரண்டு வீடுகளுக்கு ஃபியூஸ் போட்டுக் கொடுத்தார்.

மறுநாள் பொறியாளர் முன்னால் போய் நின்றார். “சார், ரோட்டுக்கு மேல ஒரு பாலம் கட்டணும்.”

“யாருக்கு?”

“குரங்குக்கு.”

பொறியாளர் கண்ணாடியைக் கழற்றினார். “குரங்கு நம்ம நுகர்வோராய்யா? மீட்டர் இருக்கா அதுக்கு?”

“இல்ல சார். ஆனா அது செத்தா, மீட்டர் இருக்கறவனுக்கும் கரண்ட் போயிடுதே.”

பொறியாளர் கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டார். “ஆபீஸ்ல இதுக்கெல்லாம் வழி கிடையாது. சொந்தமா ஏதாவது பண்ணிக்கோ. எனக்கு ஒண்ணும் தெரியாது” என்றார். அலுவலக மொழியில் அதற்குப் பெயர் அனுமதி.

லைன்மேனின் மைத்துனர் தீயணைப்பு நிலையத்தில் இருந்தார். அங்கே ஓட்டை விழுந்த பழைய தண்ணீர்க் குழாய்கள் மூலையில் சுருண்டு கிடந்தன. கெட்டித் துணியால் ஆனவை. மழைக்கும் வெயிலுக்கும் லேசில் இற்றுப்போகாது.

“எதுக்கு மாமா இவ்வளவு குழாய்?”

விஷயத்தைச் சொன்னார். மைத்துனர் யோசித்துவிட்டு, “அக்காவுக்குத் தெரியுமா?” என்று மட்டும் கேட்டார்.

அக்காவுக்குத் தெரியாமல் எப்படி இருக்கும்? மாமனும் மச்சானும் கூடத்தில் உட்கார்ந்துதான் குழாய்களை ஏணிபோலப் பின்னினார்கள். வீடு முழுக்கப் பூஞ்சை வாடை. பள்ளிக்கூட வேன் ஓட்டும் அக்கா, காலையும் மாலையும் அதைத் தாண்டித் தாண்டிப் போய்வந்தாள். ஒரு வார்த்தை பேசவில்லை.

பாலம் ஏறியது. குரங்குகள் ஏறவில்லை. ஓர் அணில் பாதிவரை வந்து, ஏதோ மறந்துவிட்டதுபோலத் திரும்பிப் போனது. குரங்குகள் வேறெங்கோ தாண்டிக்கொண்டிருந்தன. ஒரு காலையில் பார்த்தால் பாலத்தில் மெத்தைக் கடை விளம்பரம் தொங்குகிறது! லைன்மேன் அதை அவிழ்த்ததும் கடைக்காரர் சண்டைக்கு வந்தார்: “குரங்குதான் வரலையே, இடம் சும்மாதானே கிடக்கு?” ஊர் லைன்மேனுக்குப் ‘பாலம்’ என்றே பெயர் வைத்துவிட்டது.

மனிதர் சோர்ந்துபோய் உட்கார்ந்திருந்தபோது மனைவி வாயைத் திறந்தாள்.

“ஏங்க, அந்த இடத்தை எதைப் பார்த்து முடிவு பண்ணீங்க?”

“அங்கதான் ஏணி நல்லா நிக்குது.”

“ஏறப்போறது நீங்களா, குரங்கா? வளைவு தாண்டி அந்தப் பெரிய அத்திமரத்துக்கிட்ட தினமும் நான் பிரேக் போடறேன். அங்கதான் அதுங்க வரிசையா வருதுங்க.”

“இதை ஏன் முன்னாடியே சொல்லல?”

“நீங்க கேக்கலையே. ஏதோ கணக்குப் போட்டுத்தான் செய்யறீங்கன்னு நெனச்சேன்.”

பாலத்தை அத்திமரத்துக்கு மாற்றினார்கள். அந்த மரத்தில் குளவிகள் குடியிருந்தது மனைவிக்கும் தெரியாது. லைன்மேன் பூசணிக்காய் முகத்தோடு வீடு திரும்பினார். மைத்துனருக்கு ஒரு காது மட்டும் இரண்டு காதாக இருந்தது.

வீக்கம் வடிந்த பிறகு ஒரு காலை, லைன்மேன் அத்திமரத்துக்கு அருகிலிருந்த கம்பத்தில் பெல்ட்டைப் பூட்டிக்கொண்டு வேலை செய்துகொண்டிருந்தார். கிளை அசைந்தது. ஒரு பெரிய ஆண் குரங்கு பாலத்தருகே வந்து உட்கார்ந்தது. பழைய வண்டி வாங்க வந்தவன்போல இழுத்துப் பார்த்தது, மோந்து பார்த்தது, ஒரு கால் வைத்தது, எடுத்துக்கொண்டது. பின்னால் குட்டியோடு காத்திருந்த தாய்க்குப் பொறுமை போயிற்று. ஆணை ஒதுக்கித் தள்ளிவிட்டு நேராக நடந்து அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்தது. ஆண் குரங்கு, இந்த யோசனையே தன்னுடையதுதான் என்பதுபோல வாலை உயர்த்திக்கொண்டு பின்னால் போனது. அதன் பின்னால் மொத்தக் குடும்பமும்.

போன் கீழே ஜீப்பில் இருந்தது. கத்தினால் அவை மிரளும். லைன்மேன் கம்பத்தைக் கட்டிக்கொண்டு, வாயை இறுக மூடிக்கொண்டு, சத்தமில்லாமல் அழுதார்.

யாரும் நம்பவில்லை. “உயரத்துல நிறைய நேரம் இருக்காதீங்க மாமா” என்றார் மைத்துனர். ஆனால் சில நாட்களில் வேன் பிள்ளைகள் பார்த்துவிட்டார்கள். அப்புறம் ஊரே தலையை அண்ணாந்தது. அந்த லைனில் கரண்ட் போவதும் நின்றது.

பொறியாளர் பத்திரிகைக்காரரோடு வந்து இறங்கினார். பாலத்தின் கீழே நின்று, “இது எங்க ஆபீஸ் போட்ட பாலம். வனவிலங்கு பாதுகாப்புல எங்களுக்கு அவ்வளவு அக்கறை” என்று போட்டோவுக்குச் சிரித்தார்.

லைன்மேனுக்குக் கோபம் வரவில்லை. பத்திரிகைக்காரர் எழுதி முடிக்கும்வரை பொறுத்திருந்து, பணிவாகக் கேட்டார்:

“அப்போ சார், இன்னும் மூணு இடத்துல இதே மாதிரி போடணுமே. எப்ப ஆரம்பிக்கலாம்?”

பத்திரிகைக்காரரின் பேனா மறுபடி எழுந்தது. பொறியாளர் அதைப் பார்த்தார், லைன்மேனைப் பார்த்தார்.

“நாளைக்கே” என்றார், பல்லைக் கடித்துக்கொண்டு.

இப்போது லைன்மேன் அலுவலக நேரத்திலேயே குரங்குப் பாலம் கட்டுகிறார். இடம் பார்க்கப் போகும்போது மனைவியை ஜீப்பின் முன்சீட்டில் உட்காரவைத்துக்கொள்கிறார். அவள் ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டி, “இங்க இல்லீங்க, இன்னும் கொஞ்சம் முன்னாடி” என்கிறாள்.