திரையைப் பச்சையாக்கச் சொன்னார்கள்

1. பச்சைத் திரை

ஓகஸ்ட் நடுவில் பலெர்மோ முழுவதும் கடற்கரைக்குப் போய்விடும். அலுவலகத்தில் ஒருவர் இருந்தே ஆகவேண்டும் என்றால் அது நான்தான். "உங்கட ஆக்களுக்கு வெயில் பழக்கம்தானே" என்று சொல்லிவிட்டு எங்கள் முதலாளி கிளம்பினார். அவரை நாங்கள் டிரெத்தோரே, அதாவது இயக்குநர், என்றுதான் அழைக்கவேண்டும். அவர் இத்தாலியனில் சொன்னதை எங்கள் தமிழில் எழுதுகிறேன். எரிச்சல் இரண்டிலும் ஒன்றுதான்.

2010களின் நடுப்பகுதி அது. போர்கோ வெக்கியோ சந்தையின் மீன்வாடை எட்டுகிற தூரத்தில் ஏழுபேர் வேலைசெய்யும் சிறிய நிறுவனம். வாடிக்கையாளரின் ஹடூப் கிளஸ்டரைக் கண்காணிப்பது என் வேலை. கிளவுடில் வாடகைக்கு எடுத்த பல கணினிகள் சேர்ந்து ஒரே பெரிய கணினியாக இயங்குவதுதான் கிளஸ்டர். அதிலுள்ள ஒவ்வொரு கணினியும் ஒரு நோட். எங்கள் வாடிக்கையாளர் குளிரூட்டிய லொறிகள் ஓட்டும் ஒரு கம்பனி. லொறிகளின் உள்வெப்பநிலை நிமிடத்துக்கு நிமிடம் எங்களிடம் வந்துசேரும். மருந்து ஏற்றும் லொறிகளும் அதில் உண்டு.

அன்று மதியம் நான் பாணைக் கடித்துக்கொண்டிருந்தபோது அந்தக் கம்பனியின் பொறுப்பாளர், ஒரு பெண்மணி, தொலைபேசியில் வந்தார்.

"ரெண்டு நாளுக்கு மேலை ஒரு றிப்போட்டும் வரேல்லை. நீங்கள் அங்கை என்ன செய்யிறியள்?"

கண்காணிப்புத் திரையான டாஷ்போர்டைப் பார்த்தேன். எல்லாம் பச்சை. அந்தப் பச்சையைப் பார்த்துத்தான் இரண்டு நாளாக நானும் நிம்மதியாக இருந்திருக்கிறேன். நோட்களுக்கு வேலை பிரித்துக் கொடுக்கும் யார்ன் பக்கத்தைத் திறந்தேன். இயங்கும் நோட் பூச்சியம். எல்லா நோட்டும் அன்ஹெல்தி பட்டியலில் கிடந்தன. வேலைகள் எல்லாம் வரிசையில் நின்றன.

காரணம் எனக்கு உடனே விளங்கிவிட்டது. டிஸ்க் தொண்ணூறு விழுக்காட்டுக்கு மேல் நிரம்பினால் யார்ன் அந்த நோட்டுக்கு வேலை கொடுக்காது. எங்கள் எச்சரிக்கையோ தொண்ணூற்றைந்தில்தான் அடிக்கும். அப்படி மாற்றி வைத்ததும் நான்தான்.

2. ஜூனில் நடந்தது

ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க அந்தக் கம்பனிக்காரர்கள் ஜூனில் எங்கள் அலுவலகத்துக்கு வருவதாக இருந்தது. டிஸ்க் எழுபத்தைந்தைத் தாண்டி, திரை ஏற்கெனவே மஞ்சளாகிவிட்டது. புதிய நோட்கள் வேண்டும் என்று டிரெத்தோரேக்கு நான் மூன்று கடிதம் எழுதியிருந்தேன். ஒன்றுக்கும் பதில் இல்லை. வருகைக்கு முதல்நாள் டிரெத்தோரே என் மேசைக்கு வந்தார்.

"நாளைக்கு அவையள் வரேக்கை திரை பச்சையா இருக்கவேணும். லிமிற்றைத் தொண்ணூற்றைஞ்சு ஆக்கு."

"குறைக்க வேண்டியது டிஸ்கை எல்லோ, டிரெத்தோரே? லிமிற்றைக் கூட்டினால் டிஸ்க் குறையுமோ?"

"நீ இஞ்சை வேலைக்கு வந்தனியோ, படிப்பிக்க வந்தனியோ?"

மாற்றினேன். செற்றிங்ஸ் கோப்பில் அந்த வரிக்கு மேலே ஒரு குறிப்பும் எழுதி வைத்தேன்: "வருகைக்காக, டிரெத்தோரே சொன்னபடி. பிறகு 75க்கு மாற்றவேண்டும்." அவர்கள் வந்தார்கள், பச்சையைப் பார்த்தார்கள், கோப்பி குடித்தார்கள், போனார்கள். பழையபடி மாற்றட்டுமா என்று இரண்டுமுறை கேட்டேன். கையெழுத்து ஆகட்டும் என்றார். கையெழுத்து ஆன பிறகு நான் மூன்றாம்முறை கேட்கவில்லை. அது என் பிழை, அதை நான் மறைக்கவில்லை.

இப்போது ஓகஸ்டில் அந்தக் கணக்கு என் தலையில் விழுந்தது. லொறிகளிலிருந்து வரும் தரவு எங்கள் வரிசையில் மூன்று நாள்தான் காத்திருக்கும். பிறகு தானாக அழியும். இரண்டரை நாள் போய்விட்டது. நோட் கூட்டுவதற்கு டிரெத்தோரேயின் அனுமதி வேண்டும். அவருக்கு நாலுமுறை அழைத்தேன். போன் நிறுத்தப்பட்டிருந்தது. கேட்காமலே நாலு நோட்களைக் கூட்டினேன். பழைய சோதனைக் கோப்புகளை அழித்து இடம் எடுத்தேன். மாலை ஐந்துமணிக்கு முதல் வேலை ஓடத் தொடங்கியது. ஒரு லொறியின் ஒரு நிமிடத் தரவுகூட அழியவில்லை.

3. ஒரு கையெழுத்து

செப்டெம்பரில் டிரெத்தோரே நன்றாகக் கறுத்துத் திரும்பிவந்தார். நன்றி என்ற சொல் அவர் வாயில் வரவில்லை. ஒரு தாளை என் முன்னால் வைத்தார். அந்தக் கம்பனி கேட்ட விளக்கம் அது. "ஒப்பரேற்றர் தவறுதலாக லிமிற்றை மாற்றிவிட்டார்" என்று அச்சடித்திருந்தது.

"இதிலை ஒரு கையெழுத்துப் போடு. உன்ரை கொன்ராத்தோவும் இந்த மாதத்தோடை முடியுதெல்லோ, அதையும் சேர்த்துப் பாப்பம்."

கொன்ராத்தோ என்பது என் வேலை ஒப்பந்தம். அது இல்லாவிட்டால் குவெஸ்தூரா என்ற பொலிஸ் தலைமையகத்தில் என் பெர்மெஸ்ஸோவைப் புதுப்பிக்கமாட்டார்கள். இந்த நாட்டில் இருக்கும் அனுமதியே போய்விடும். மன்னாரிலிருந்து பதினாறு வயதில் வந்து, இங்கேயே படித்துப் பட்டம் வாங்கிய என்னை அந்த மனிதர் ஒரு தாளைக் காட்டி மிரட்டினார்.

வீட்டில் அம்மாவிடம் சொன்னேன். அவர் லிபெர்த்தா வீதியில் ஒரு சிஞ்ஞோரா, அதாவது இத்தாலியச் சீமாட்டி, வீட்டில் வீட்டுவேலை செய்தார்.

"போட்டுவிடு பிள்ளை" என்றார். "சிஞ்ஞோரா வீட்டிலை கோப்பை உடைஞ்சால் நான் 'ஸ்கூசி, மன்னியுங்கோ, நான்தான்' எண்டுதான் சொல்லுறனான்."

"நீங்கள் உடைச்சதோ?"

"ஒண்டும் நான் உடைச்சதில்லை. ஓம் எண்டு சொன்னால் கதை முடியும். வேலை இருக்கும்."

"எத்தினை வருசமா?"

"பதினொரு வருசமா."

அம்மாமேல் கோபப்பட்டேன். பிறகு, அவர் அப்படிச் சொல்லித்தான் என்னைப் படிப்பித்தார் என்று நினைத்தபோது கோபம் இன்னும் கூடியது. ஆனால் அது அம்மாமேல் இல்லை.

அன்றே நானாக ஒரு விளக்கம் எழுதினேன். "லிமிற்றை மாற்றியது நான். மாற்றச் சொன்னவர் டிரெத்தோரே. மூன்றாம்முறை கேட்காதது என் தவறு." செற்றிங்ஸ் கோப்பையும் என் மூன்று கடிதங்களையும் இணைத்தேன். அனுப்பும் முன் அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். அவர் மாதாவின் படத்துக்கு முன்னால் ஒரு மெழுகுதிரி ஏற்றினார். டிரெத்தோரேக்கும் அந்தப் பொறுப்பாளருக்கும் ஒரே நேரத்தில் அனுப்பினேன்.

டிரெத்தோரே இரண்டு வாரம் என் முகத்தைப் பார்க்கவில்லை. மாதத்தின் கடைசி நாளில்தான் கொன்ராத்தோவைப் புதுப்பித்தார். மனம் திருந்தி அல்ல. மீதி ஆறுபேருக்கும் அந்தக் கிளஸ்டரை எப்படி எழுப்புவது என்று தெரியாது, அவ்வளவுதான்.

இந்தத் தொழிலுக்கு வருகிற பிள்ளைகளுக்கு ஒன்று சொல்கிறேன். எச்சரிக்கையின் எல்லையை உயர்த்தச் சொல்லி யாரும் கேட்டால் முதலில் மறுத்துப் பாருங்கள். முடியாவிட்டால் அந்த வரிக்கு மேலே சொன்னவரின் பெயரை எழுதுங்கள். உங்கள் பெயரையும் எழுதுங்கள். உங்கள் பிழையை மட்டும் ஒப்புக்கொள்ளுங்கள், அதற்குமேல் ஒன்றையும் சுமக்காதீர்கள்.

ஒக்ரோபரில் ஒருநாள் அம்மா வேலையால் வந்து சப்பாத்தைக் கழற்றியபடி சொன்னார்:

"இண்டைக்குச் சிஞ்ஞோராவின்ரை மேசை விளக்கு உடைஞ்சு கிடந்தது."

"என்ன சொன்னீங்கள்?"

"நான் உடைக்கேல்லை எண்டன்."

"அவ?"

"கண்ணாடித் துண்டுகளை அவவே கூட்டி அள்ளினவ."