பெருவிரல் கூச்சம்

மருத்துவ ஆராய்ச்சியின் வரலாற்றை எழுதுகிறவர்கள் வழக்கமாக ஆய்வுக்கூடத்தில் ஆரம்பிப்பார்கள். அங்கே வெளிச்சம் நன்றாக இருக்கும், உட்கார நாற்காலியும் கிடைக்கும். இந்த வரலாறு ஒரு சலூனில் ஆரம்பிக்கிறது. நாற்காலி இங்கேயும் உண்டு. அதில் வழுக்கை சார் உட்கார்ந்திருந்தார், பாதி முகத்தில் நுரையோடு. தலையில் ஒற்றை முடிகூட இல்லாததால் தெரு அவருக்கு வைத்த பெயர் அது. தாடி மட்டும் தலைக்கும் சேர்த்து வஞ்சம் தீர்ப்பதுபோல் வளரும். அதனால் தினமும் வருவார்.

அவருக்குச் சவரம் செய்துகொண்டிருந்த கடைக்காரருக்குச் சிலந்தி என்று பெயர். வலது கை இயந்திரக் கை. அந்தக் கையின் தோல் நிஜச் சிலந்தியைப் பார்த்துச் செய்தது, பெயரும் அதனால் வந்ததுதான். சிலந்தியின் காலில் கண்ணுக்குத் தெரியாத கீறல்கள் இருக்கின்றனவாம். வலை லேசாக ஆடினால் கீறல்கள் சுருங்கும், விரியும். வந்திருப்பது ஈயா காற்றா என்று சிலந்திக்குத் தெரிந்துவிடும். ஆராய்ச்சிக்காரர்கள் அதே மாதிரி மெல்லிய படலத்தில் கீறல்கள் போட்டு விரல்களுக்குப் போர்த்தியிருந்தார்கள். எதையாவது தொட்டால் கீறல் அசையும், மின்சாரம் மாறும், முழங்கைக்குக் கீழே நரம்போடு சேர்த்து வைத்த கம்பி அந்தச் சேதியை மூளைக்கு அனுப்பும். மூளை பாவம், பெருவிரல் இன்னும் இருக்கிறது என்று நம்பிவிடும், வீட்டுத் தரகர் பேச்சை நாம் நம்புவதுபோல.

பழைய கை போன கதை சுருக்கமானது. கடையின் இரும்பு ஷட்டர் ஒரு காலையில் பாதி உயரம் ஏறியபின் மனம் மாறியது. கீழே அவருடைய கை இருந்தது. ஆறுதல் சொல்ல வந்த மச்சான், இனி கடையை வாடகைக்கு விட்டுவிடுவது நல்லது என்றார். பெரிய மனசோடு தானே எடுத்துக்கொள்வதாகவும் சொன்னார். அன்றைக்கே சிலந்தி கத்தியை இடது கையில் பிடித்து, பலூனுக்கு நுரை பூசிச் சவரம் பழக ஆரம்பித்தார். வீடு முழுக்க வெடிச்சத்தம்.

“போர்க்களத்துல குடும்பம் நடத்துற மாதிரி இருக்கு” என்றார் மனைவி. ஆனால் பலூன்களை ஊதிக் கொடுத்ததும் அவர்தான்.

இடது கை கத்திக்குப் பழகிவிட்டது. சிக்கல் வேறு இடத்தில் இருந்தது. சவரத்தைக் கத்தி செய்கிறது என்பது நாற்காலியில் உட்காருகிறவர்களின் மூடநம்பிக்கை. கத்தி பின்னால் வருகிற பரிவாரம்தான். முன்னால் போவது இன்னொரு கையின் பெருவிரல். தோலை இழுத்து விறைப்பாகப் பிடிப்பதும், முடி எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்று துப்புச் சொல்வதும் அதன் வேலை. முதலில் கிடைத்த பிளாஸ்டிக் கைக்கு இழுக்கத் தெரிந்தது, எவ்வளவு என்று தெரியவில்லை. வழுக்கை சாரின் கன்னம் காதுவரை போய்விட்டுத் திரும்பி வந்தது.

“யோவ், மூஞ்சிய வீட்டுக்குக் கொண்டு போகணும்யா, விட்டுட்டுப் போக முடியாது!” என்று அலறினார் அவர்.

பிறகுதான் மருத்துவமனை ஆராய்ச்சிப் பிரிவின் டாக்டரம்மா சோதனைக்காகச் சிலந்திக் கையோடு வந்தார். தொட்டால் தெரிகிற கை. முதல்முறை அந்தப் பெருவிரலைத் தன் கன்னத்தில் வைத்துப் பார்த்தபோது சிலந்தி சொன்ன ஒரே ஒரு சொல்தான் பின்னால் வந்த வம்புக்கெல்லாம் காரணம்.

இப்போது சலூன். பாதி நுரை. வாசலில் டை கட்டிய ஒருவர், கையில் கறுப்புப் பெட்டியோடு.

“வணக்கம் சார். சோதனைத் திட்டத்துலேர்ந்து வர்றேன். சாதனத்தை நீங்க கையளிக்கணும்.”

“எந்தச் சாதனம்? இங்க கத்திரிக்கோல் இருக்கு, சீப்பு இருக்கு, சார் இருக்கார்.”

“அது வந்து… உங்க கை.”

“கை குடுங்கன்னு கேட்டா குலுக்கி அனுப்பியிருப்பேன். கையவே குடுன்னா எப்படி?”

வந்தவர் பெட்டியைத் திறந்து காட்டினார். உள்ளே கறுப்பு நுரைப்பஞ்சு. நடுவில் ஒரு கையின் வடிவத்தில் பள்ளம், ஐந்து விரலுக்கும் தனித்தனி இடம். அந்த ஆளுக்குப் பெயர் தேவைப்படாமல் போனது. அந்த நிமிஷத்திலிருந்து அவர் பெட்டிக்காரர்.

“உங்க நல்லதுக்குத்தான் சார். பக்கவிளைவு இருக்காம்” என்று செல்போனைப் பார்த்துப் படித்தார் பெட்டிக்காரர். “வலது பெருவிரல் எதையாவது தொடும்போதெல்லாம் பயனாளி வெட்கப்படுகிறார்.”

வழுக்கை சார் சிரிக்க ஆரம்பித்தார். நுரை வாய்க்குள் போயும் நிறுத்தவில்லை.

“வெட்கமா? இவனுக்கா? தெருக்குழாய் உடைஞ்ச அன்னிக்கு இடுப்புத் துண்டோட நகராட்சி ஆபீஸ் வரைக்கும் போய்ச் சண்டை போட்டுட்டு வந்தவன்யா இவன்! துண்டு வழியில அவுந்துச்சு, அதுக்குக்கூட நிக்கல!”

சத்தம் கேட்டுப் பின்கட்டிலிருந்து மனைவி வந்தார். விஷயத்தைக் கேட்டார். கணவரைப் பார்த்தார்.

“நீங்க அவங்ககிட்ட என்ன சொல்லித் தொலைச்சீங்க?”

“என்ன தெரியுதுன்னு கேட்டாங்க. பெருவிரல்ல கூச்சமா இருக்குன்னேன்.”

மனைவி தலையில் அடித்துக்கொண்டார். தமிழில் கூச்சம் என்பது ஓய்வே இல்லாமல் உழைக்கிற சொல். ஐஸ் பட்டால் பல்லில் கூச்சம். விரல் பட்டால் அக்குளில் கூச்சம். வெளிச்சம் பட்டால் கண்ணில் கூச்சம். நாலு பேர் முன்னால் பேச எழுந்தால் ஆள் முழுக்கக் கூச்சம். டாக்டரம்மா அதைக் கேட்டபடியே எழுதினார். திட்டத்துக்குப் பணம் தருகிறவர்கள் கடல் தாண்டி இருந்தார்கள். அவர்களுக்காக ஒரு கணினி அதை மொழிபெயர்த்தது. போகும்போது கூச்சமாகப் போனது, அங்கே போய் இறங்கும்போது வெட்கமாகிவிட்டது. வெட்கம் அங்கே ஒரு கூட்டத்தில் மன உளைச்சலாக வளர்ந்தது, அடுத்த கூட்டத்தில் சமூக விலகலாகப் பூத்தது. ஒரு மனிதனை இவ்வளவு துயரத்தில் விட்டுவைப்பது அறமல்ல என்று நல்லவர்கள் பலர் சேர்ந்து முடிவெடுத்தார்கள்.

“வேற வழியும் இருக்கு சார்” என்றார் பெட்டிக்காரர், குரலைத் தாழ்த்தி. “பெருவிரலுக்குப் போற கரண்ட்டை மட்டும் நிறுத்திடுவாங்க. வெட்கம் போயிடும். கை உங்ககிட்டயே இருக்கும். அழகா இருக்கும், யாரும் கண்டுபிடிக்க முடியாது.”

சிலந்தி வழுக்கை சாரின் சவரமான கன்னத்தில் பெருவிரலை வைத்தார். பிறகு சவரமாகாத கன்னத்தில் வைத்தார்.

“இங்க கொஞ்சமா கூசுது. இங்க நிறைய. தாடைக்குக் கீழ சுழி இருக்கு, அங்க ஒரு மாதிரி வட்டமா கூசுது. இந்தக் கூச்சத்தை வச்சுத்தான் கத்தி எங்க போகணும்னு எனக்குத் தெரியுது. அத எடுத்துட்டா மிச்சம் இருக்கறது கட்டை. கட்டை விரல்னு பேரு வச்சதுக்காக அதக் கட்டையாவே ஆக்கிடுவீங்களா?”

“அப்ப மருத்துவமனையில குழுக் கூட்டம் இருக்கு, அங்க வந்து சொல்லுங்க சார். முடிவு அவங்க கையிலதான்.”

“கை யார்கிட்ட இருக்குன்னு பாத்துப் பேசுங்க” என்றார் மனைவி.

பெட்டிக்காரர் பெட்டியைக் கண்ணாடிக்குக் கீழே வைத்துவிட்டுப் போனார். கூட்டம் முடிந்ததும் வந்து நிரப்பிக்கொள்வதாகச் சொன்னார். முடிவு எப்படி வரும் என்பதில் அவருக்கு அவ்வளவு நம்பிக்கை.

கூட்டம் மருத்துவமனையின் மேல்மாடியில். நீள மேசை, ஆளுக்கொரு தண்ணீர் பாட்டில், யாரும் எடுக்காத பிஸ்கட் தட்டு. மேசையின் தலைப்பக்கத்தில் அறநெறிக் குழுவின் தலைவர். இரண்டு நாள் தாடி வைத்த கண்ணியமான மனிதர். பக்கத்தில் குறிப்பெடுக்கும் பெண். ஓரத்தில் டாக்டரம்மா, தப்பு செய்யாமலே மாட்டிக்கொண்ட முகத்தோடு.

“என் ஆட்சேபத்தை அனுப்பியிருக்கேன்” என்று சிலந்தியிடம் கிசுகிசுத்தார் அவர். “அதுவும் மொழிபெயர்ப்புக்குத்தான் போயிருக்கு.”

“அப்ப அது கல்யாணப் பத்திரிகையா திரும்பி வரும் டாக்டரம்மா.”

கிளம்பும்போது மனைவி ஒரே அறிவுரைதான் சொல்லியிருந்தார்: மரியாதையாகப் பேசுங்கள், முடியாவிட்டால் சுருக்கமாகப் பேசுங்கள். இப்போது சுவரோர நாற்காலியில் உட்கார்ந்து, இரண்டாவதாவது நடக்குமா என்று பார்த்துக்கொண்டிருந்தார்.

தலைவர் கனிவோடு ஆரம்பித்தார். “பயப்படாம சொல்லுங்க. இந்த உணர்வு உங்களுக்கு வேதனையா இருக்கா? யார்கிட்டயாவது மனசு விட்டுப் பேசணும்னு தோணுதா?”

“தினமும் பேசுறேங்க. நான் சலூன் வச்சிருக்கேன்.”

“கூச்சம்னு நீங்களே சொல்லியிருக்கீங்க.”

“சொன்னேன். இப்பவும் சொல்றேன். ஆனா அது மனசுல வர்ற கூச்சம் இல்லைங்க, தோல்ல வர்றது.”

“வித்தியாசம் எழுத்துல தெளிவா இல்லையே” என்றார் தலைவர், உண்மையான வருத்தத்தோடு.

“எழுத்துல தெரியாதுங்க. அனுமதி குடுத்தீங்கன்னா கழுத்துல காட்டுறேன். கத்தி கிடையாது, வெறும் விரல்.”

தலைவர் யோசித்தார். அறநெறிக் குழுவின் தலைவரைத் தொட அனுமதி தரவேண்டியது அறநெறிக் குழு. இந்த நிலைமைக்கு விதி எதுவும் எழுதப்பட்டிருக்கவில்லை. அறிவியலின் நலன் கருதிச் சட்டையின் மேல் பொத்தானைக் கழற்றினார்.

சிலந்தி எழுந்து போய், தொழில் முறைப்படி அவர் தலையை லேசாகச் சாய்த்து, காதுக்குக் கீழே தாடி தொடங்கும் இடத்தில் பெருவிரலை வைத்து மெதுவாகக் கீழே இழுத்தார். தலைவரின் தோள் காதுவரை ஏறியது. கண்ணியத்துக்கும் அவருக்கும் இருந்த நெடுநாள் உறவு அறுந்தது.

“ஐயோ! ஹிஹி… விடுங்க, விடுங்க, கூச்சமா இருக்கு!”

சிலந்தி குறிப்பெடுக்கும் பெண் பக்கம் திரும்பினார்.

“எழுதிக்கோம்மா. தலைவருக்கு வெட்கம். விரல் பட்ட உடனே வந்துச்சு. சமூக விலகல் எப்ப வரும்னு கண்காணிக்கணும்.”

டாக்டரம்மா பிஸ்கட் தட்டைப் பார்த்தபடி குலுங்கினார். அந்தப் பெண் பேனாவைத் தூக்கியபடி, எழுதுவதா வேண்டாமா என்று தலைவரைப் பார்த்தார். தலைவர் பொத்தானைப் போட்டுக்கொண்டார். தன்னை மனநலம் குன்றியவராகப் பதிவு செய்வது, அல்லது ஒரு சொல்லைத் திருத்துவது என்று இரண்டு வழிகள் அவர் முன் இருந்தன. அறநெறி சட்டென்று தெளிவானது.

“வெட்கம் என்பதை நீக்கிடுவோம். கூச்சத்தைக் கூச்சம்னே எழுதி, பக்கத்துல விளக்கம் போடுவோம்.” பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டார். “ஆனா பாருங்க, சோதனை எப்படியும் முடியப்போகுது. முடிஞ்சா கை திட்டத்துக்குச் சொந்தம். அது ஒப்பந்தத்துல இருக்கு.”

சுவரோரத்தில் நாற்காலி கிறீச்சிட்டது. மனைவி எழுந்து நின்றிருந்தார். சிலந்தி இடது கையால் உட்காரச் சொன்னார்.

“வெளிய இருக்கற கை உங்களுது. சரி. உள்ள நரம்போட வச்சுத் தச்ச கம்பி?”

“அதுவும்… கொள்கை அளவுல எங்களுதுதான்.”

“எடுக்கணும்னா?”

டாக்டரம்மா நிமிர்ந்தார். இந்த முறை கிசுகிசுக்கவில்லை. “ஆபரேஷன் பண்ணணும். அவர் சம்மதம் இல்லாம யாரும் தொட முடியாது. அதுவும் ஒப்பந்தத்துல இருக்கு.”

“சம்மதம் இல்லை” என்றார் சிலந்தி. “என் உடம்புக்குள்ள உங்க சாமான் குடியிருக்கு. காலி பண்ணச் சொல்ல மாட்டேன். அது பேசறதுக்கு ஒரு கை வேணும். கைய எடுத்துட்டா உள்ள இருக்கறது யார்கூடப் பேசும்? அதுக்கு மன உளைச்சல் வராதா? அதப் பத்திக் கவலைப்பட ஒரு குழு இல்லையா?” விளையாட்டுக் குரல் போயிருந்தது. “பலூன்ல ஆரம்பிச்சு மனுஷக் கன்னத்துக்கு வந்திருக்கேன். திரும்பப் பலூனுக்குப் போகமாட்டேன். ஆள் அனுப்பிக் கழட்டுங்க, பாக்கலாம். எனக்கு வெட்கமே கிடையாது, தெருவே சொல்லும். கத்துவேன்.”

இடுப்புத் துண்டுக் கதை தலைவருக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. ஆனாலும் ஏதோ புரிந்தது போலிருந்தது. குழு அடுத்த அறைக்குப் போய் நெடுநேரம் பேசிவிட்டு வந்தது. சோதனை முடியவில்லை, நீண்டகாலக் கண்காணிப்பாக மாறியிருக்கிறது என்று அறிவித்தது. உள்ளே கம்பி இருக்கும்வரை வெளியே கையும் இருக்கும். சிலந்தி அவ்வப்போது வந்து என்ன தெரிகிறது என்று சொல்லவேண்டும்.

“சொல்றேன். ஆனா நான் சொன்ன வார்த்தையத்தான் எழுதணும்” என்றார் சிலந்தி. போகும் வழியில் பிஸ்கட்டை வலது கையால் எடுத்தார், உடையாமல்.

பெட்டிக்காரர் பெட்டியை எடுக்கக் கடைக்கு வந்தபோது அது கண்ணாடிக்குக் கீழே திறந்து கிடந்தது. விரல் பள்ளங்களில் நாலு சீப்புகளும் ஒரு கத்திரிக்கோலும் கச்சிதமாகப் படுத்திருந்தன. உள்ளங்கைப் பள்ளத்தில் நுரைக் கிண்ணம்.

“சார், இது திட்டத்தோட பெட்டி சார்.”

“பெட்டியும் கண்காணிப்புல இருக்கு. எத்தனை சீப்பு தாங்குதுன்னு பாத்துட்டு இருக்கோம். உக்காருங்க, தாடி வளந்திருக்கு.”

பெட்டிக்காரர் வாசலைப் பார்த்தார், கத்தியைப் பார்த்தார், உட்கார்ந்தார். நுரை பூசப்பட்டது. பெருவிரல் தாடைக்குக் கீழே இறங்கியது. அவருடைய தோள் மெல்ல உயர்ந்தது, கால் விரல்கள் செருப்புக்குள் மடங்கின.

“கூச்சமா இருக்கா?” என்று கேட்டார் சிலந்தி.

“சேச்சே, அதெல்லாம் இல்ல சார்” என்றார் பெட்டிக்காரர், பல்லைக் கடித்துக்கொண்டு.

“எனக்கு இருக்கு” என்றார் சிலந்தி, கத்தியை எடுத்தபடி.