உப்பு விழுந்த பாட்டில்

எங்கள் அத்தைக்கு டாக்டர்களைவிடக் கல்லுப்பின் மேல்தான் நம்பிக்கை அதிகம். வலியசாலை வீட்டிலிருந்து யார் நெடுநாள் வெளியே தங்கப் புறப்பட்டாலும், கைப்பிடி உப்பைத் தலையைச் சுற்றித் தண்ணீரில் போடுவாள். உப்புக் கரைகிற மாதிரி திருஷ்டியும் கரைந்துபோகுமாம். அம்மா கடைசியாகப் புறப்பட்ட அன்றும் அத்தை அப்படித்தான் செய்தாள்.

நான் அப்போது ஆறாவது படித்துக்கொண்டிருந்தேன். அம்மாவுக்கு ஆஸ்பத்திரியில் மருந்து ஏற்றப்போகிறார்கள் என்று மட்டும் எனக்குச் சொல்லியிருந்தார்கள். எனக்கோ மறுநாள் பள்ளியில் சாஸ்திரமேளா என்கிற அறிவியல் கண்காட்சி. அதற்காகக் குளத்துத் தண்ணீரில் வைக்கோலை ஊறப்போட்டு, ஒரு பாட்டில் நிறையப் பாரமீசியம் வளர்த்திருந்தேன். ஒற்றைச் செல் உயிர்கள். கண்ணுக்குத் தெரியாது, நாற்றம் மட்டும் தெருவுக்கே தெரியும்.

அம்மா கல்லூரி லேபில் வேலை பார்த்தவள். தலையில் கட்டிய துணியோடு என் பக்கத்தில் உட்கார்ந்து, அங்கிருந்து கொண்டுவந்த பழைய மைக்ராஸ்கோப்பில் பார்த்து, அவை எந்தப் பக்கம் போகும் என்று பந்தயம் கட்டுவாள். நீர்த்த வினிகர்த் துளியை வைத்தால் அவை வந்து மொய்க்கும். உப்புக் கரைசலை வைத்தால் முட்டி, பின்வாங்கி, கொஞ்சம் திரும்பி வேறு பக்கம் போகும்.

"மூளையே கிடையாது. ஆனா எங்க போகப்படாதுன்னு தெரிஞ்சிருக்கு, பாத்தியா!" என்பாள்.

அன்று வாசலில் டாக்சி வந்து நின்றது. அம்மா போகுமுன் அவற்றை ஒரு தடவை பார்த்துவிட்டுப் போகட்டும் என்று பாட்டிலை எடுக்கக் கொல்லைக்கு ஓடினேன். துணி துவைக்கும் கல்லின் மேல் பாட்டில் இருந்தது. அடியில் கல்லுப்பு கரைந்துகொண்டிருந்தது. அழுக்குத் தண்ணீர், எப்படியும் கொட்டத்தானே போகிறோம் என்று அத்தை அதில் போட்டிருக்கிறாள். ஒரு துளி எடுத்துப்போய் மைக்ராஸ்கோப் லென்ஸின் அடியில் வைத்தேன். சுருங்கிக் கிடந்தன. ஒன்றுகூட அசையவில்லை.

"எல்லாம் செத்துப்போச்சு!" என்று அலறிக்கொண்டு வாசலுக்கு ஓடினேன்.

அத்தை என் வாயைப் பொத்தினாள். "பொறப்படற நேரத்துல என்ன வார்த்தைடீ இது!"

அப்பா முகத்தைத் திருப்பிக்கொண்டார். வண்டிக்குள்ளிருந்த அம்மா மட்டும் பதறவில்லை. அத்தையின் உப்புக் கையைப் பார்த்ததுமே அவளுக்குப் புரிந்துவிட்டது.

"உப்புன்னா திரும்பிப் போகுமேம்மா! ஏன் போகல?" என்று கேட்டு அழுதேன்.

"பாட்டில் பூரா உப்புன்னா எங்க போகும், பாவம்?" என்று என் கன்னத்தைத் துடைத்தாள். "நான் வரச்சே புதுசாக் குளத்துத் தண்ணி கொண்டுவரேன். அழப்படாது, கேட்டியா?"

வண்டி போய்விட்டது. அம்மா புதுசாகக் கொண்டுவருவதாகச் சொன்னதில் எனக்குப் பாதித் துக்கம் அப்போதே போய்விட்டது. கொல்லையில் அத்தை பாட்டிலைக் கையில் வைத்துக்கொண்டு, புடவைத் தலைப்பை வாயில் அழுத்தியபடி அழுதுகொண்டிருந்தாள். என் பாரமீசியங்களைக் கொன்றுவிட்டதற்காக இவ்வளவு வருந்துகிறாளே என்று எனக்கு மனசு இளகிப்போயிற்று.

"போனாப் போறது அத்தை, அம்மா வரச்சே வேற கொண்டுவருவா" என்றேன்.

அத்தை என்னை இழுத்துக் கட்டிக்கொண்டு இன்னும் பலமாக அழுதாள். நான்தான் மன்னித்துவிட்டேனே, பிறகும் ஏன் அழுகிறாள் என்று எனக்குப் புரியவே இல்லை.