என் கல்யாணப் பத்திரிகை

அச்சு வந்ததால்தான் நாட்டில் இருள் விலகியது என்று மலை மேல் இருக்கும் வெள்ளிமலைப் பள்ளிக்கூடத்தில் வருஷா வருஷம் பாடம் நடத்தியிருக்கிறேன். சம்பளம் கொடுத்தார்கள், நடத்தினேன். அதில் ஒரு வார்த்தையையும் நான் நம்பியதில்லை.

எனக்குக் கல்யாணம் நிச்சயமானபோது கள்ளக்குறிச்சியில் ஈய எழுத்தைக் கோத்து அடிக்கும் பிரஸ்தான் இருந்தது. எங்கள் ஊர் வடக்கனந்தல். எங்கள் தெருவில் எல்லாரும் கூலி வேலைக்குப் போகிறவர்கள். பத்திரிகை அடிக்கும் பழக்கம் அப்போதுதான் அங்கே தொற்றிக்கொண்டிருந்தது. அதற்கு முன்னால் வெற்றிலை பாக்கு வைத்து வாயால் அழைப்பார்கள். நான் கைக்குழந்தையாக இருந்தபோதே அப்பா செத்துப்போனார். அம்மாதான் நாற்று நட்டும் கரும்பு வெட்டியும் என்னை டீச்சர் ஆக்கினாள். வாயால் அழைத்திருந்தால் 'அவ மகளுக்குக் கல்யாணம்' என்றுதான் ஊர் சொல்லியிருக்கும். தாலி அறுத்தவள் பெயர் முன்னால் வரக் கூடாது என்பதெல்லாம் நிலம் வைத்திருந்தவர்கள் வீட்டுப் பத்திரிகையோடு எங்கள் தெருவுக்குள் நுழைந்தது.

அழைப்பவர் என்ற இடத்தில் அம்மா பெயரைப் போட வேண்டும். நான் கேட்டது அவ்வளவுதான். பிரஸ்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"மேட்டர் ரெடியா கோத்து வச்சிருக்கேன் டீச்சர். பேர மட்டும் மாத்துவோம். மேல ஆம்பள பேருதான் வரும். அப்பா இல்லன்னா பெரியப்பா. எல்லாரும் இப்படித்தான் அடிச்சிக்கினு போறாங்க."

நூல் போட்டுக் கட்டிய எழுத்துக் கட்டைத் தட்டோடு தூக்கிக் காட்டவும் செய்தார். பெரிய நிலக்காரர் வீட்டுக்குக் கோத்த அதே எழுத்தில் எங்களுக்கும் அடிப்பாராம். பெயரைப் பிடுங்கிவிட்டு வேறு பெயரைச் செருகினால் போதுமாம். எந்தச் சாஸ்திரமும் எங்கள் தெருவில் செய்ய முடியாத வேலையை இந்தச் சோம்பேறி பிரஸ் சத்தமில்லாமல் செய்துகொண்டிருந்தது. எங்கள் பெரியப்பா ஒரு படி நெல் கொடுத்து உதவியவர் இல்லை. விட மாட்டேன் என்று சண்டை போட்டேன். முணுமுணுத்துக்கொண்டே எழுத்தைக் கோத்து, மை தடவி, புரூஃப் எடுத்துக் கொடுத்தார். முதல் வரியில் கொட்டை எழுத்தில் அம்மா பெயர். அம்மாவுக்கு ஆள் மூலம் சொல்லியனுப்பிவிட்டு, மலைக்குப் போகிற பஸ்ஸில் ஏறினேன். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

சில நாளில் கண்டக்டர் கையில் பத்திரிகைக் கட்டு வந்தது. பிரித்தேன். முதல் வரியில் பெரியப்பா பெயர் இருந்தது. மேலும் கீழும் தேடினேன், அம்மாவைக் காணோம். பெரியப்பாதான் பிரஸ்காரரைப் பிடித்து மாற்றியிருக்கிறார் என்று முடிவு கட்டி, அதே பஸ்ஸிலேயே மலையிறங்கி பிரஸுக்குப் போனேன்.

"யாரக் கேட்டு மாத்தினீங்க? எங்க பெரியப்பா வந்தாரா?"

"அவரு இந்தப் பக்கமே வர்ல டீச்சர். உங்க அம்மாதான் வந்தாங்க. கால்ல சேறோட வாசல்லயே நின்னுக்கினு இருந்தாங்க. எது எம் பேருன்னு காட்டுங்கன்னாங்க, காட்டினேன். வெரலால தடவிப் பாத்தாங்க. அப்புறம், எடுத்துடுங்கன்னாங்க."

அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. தன் பெயரை அவள் எழுத்தாகப் பார்த்தது அன்றைக்குத்தான்.

வீட்டுக்குப் போய் அவளிடம் கத்தினேன். அவள் அடுப்பை விட்டுத் திரும்பவில்லை.

"மாப்ள வூட்ல மொத வரியிலயே எம் பேரப் பாத்தா இன்னா நெனப்பாங்க? நாளைக்கு உனக்கு ஒண்ணுன்னா எம் பேராலதான்னு சொல்லுவாங்கடி. எனக்கு இன்னாத்துக்குப் பேரு?"

அவளைப் பிடித்து உலுக்க வேண்டும் போல் ஆத்திரம் வந்தது. அதைவிட அதிக ஆத்திரம் அந்த ஈய எழுத்தின் மேல். அது போய் ஆப்செட் வந்தது, கலர் வந்தது, கம்ப்யூட்டர் வந்தது. இன்றைக்குப் பத்திரிகையில் கட்சிக்காரர் படம் வருகிறது, பால்குடி மறக்காத குழந்தையின் பெயர்கூட வருகிறது. மிஷினைத்தான் மாற்றினார்கள், மேட்டரை அல்ல.

என் கல்யாணத்தன்று பெரியப்பா பட்டுத் துண்டு போட்டுக்கொண்டு மணமேடையில் உட்கார்ந்து தாரை வார்த்தார். அம்மா, பத்திரிகை வாங்கிய தெருப் பெண்களோடு வந்து, கடைசிப் பந்தியில் சாப்பிட்டுவிட்டுப் போனாள்.